குறி ஓரிடம், குண்டு ஓரிடம்: சிறு பவர் ஸ்கோப்பின் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

விலை குறைந்த ரைஃபிளுக்கு 1–4 அல்லது 1–6 மடங்கு ஸ்கோப் வாங்கிப் பூட்டியவர்களில் பலர், சில வாரங்களிலேயே அதைக் கழற்றிவிட்டு அடுத்ததைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் ஒன்றைக் கழற்றியவன்தான். மாற்றிப் பூட்டிய இரண்டாவது ஸ்கோப்பும் அதே கோளாறைக் காட்டிய பிறகே ரெயிலை, அதாவது ஸ்கோப்பைத் தாங்கும் பட்டையை, கழற்றிப் பார்த்தேன். ரெயிலை ரிசீவரோடு (துப்பாக்கியின் உலோக உடலோடு) பிடித்திருந்த முன் ஸ்க்ரூ விரலாலேயே திரும்பியது. முதல் ஸ்கோப்பில் எந்தக் குறையும் இருந்திருக்கவில்லை.

அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். புதிது வாங்க நினைப்பவர்களும் முதலில் அறிகுறிகளைப் படியுங்கள். எந்தக் கோளாறு பணத்தால் தீரும், எது ஒரு ஆலன் கீயால் தீரும் என்று பிரித்தறிந்தால், எந்த ஸ்கோப் வாங்குவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

கை வைப்பதற்கு முன்

மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் திறங்கள், சேம்பரை (தோட்டா உட்காரும் குழியை) கண்ணாலும் விரலாலும் பாருங்கள். வீட்டு மேசையில் செய்யும் சோதனைகளின்போது தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். சுட்டுப் பார்க்கும் சோதனைகள் அனுமதி பெற்ற ரேஞ்சில் மட்டும்.

இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஒரு டார்க் ஸ்க்ரூடிரைவர், கொஞ்சம் நெயில் பாலிஷ், ஒரு தூக்குக்குண்டு, சாய்ந்து சுட ஒரு மணல் பை. இவை போதும். ரைஃபிளில் இரும்பு சைட் இருந்தால், ஸ்கோப் பூட்டும் முன்பே அதை வைத்து 25 மீட்டரில் ஐந்து ஐந்து குண்டாக இரண்டு குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகளின் கூட்டம்) சுட்டு, அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். ஸ்கோப் வைத்த பிறகு குரூப் அதைவிடப் பெரிதானால், புதிதாகச் சேர்ந்த ஏதோ ஒன்றில்தான் கோளாறு. இரும்பு சைட் குரூப்பும் ஸ்கோப் குரூப்பும் ஒரே அளவு என்றால் அது குழல், தோட்டா, சுடும் கை ஆகியவற்றின் விஷயம். எவ்வளவு நல்ல கண்ணாடியும் அதைச் சரிசெய்யாது.

அறிகுறி: ஜீரோ நிற்கவில்லை

குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைப்பதுதான் ஜீரோ. நேற்று நடுவில் விழுந்தது இன்று மூன்று செ.மீ. இடது பக்கம் போகிறது. அல்லது முதல் ஐந்து சரியாக விழுந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. இந்தப் புகார்தான் அதிகம் வருவது. இதற்கு ஸ்கோப்பை முதலில் சந்தேகிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

கீழிருந்து மேலே போங்கள். முதலில் ஸ்டாக் ஸ்க்ரூ. விலை குறைந்த ரைஃபிள்களில் பிளாஸ்டிக் ஸ்டாக் அழுந்திக்கொடுக்கும், ஸ்க்ரூ தளரும். அடுத்து ரெயிலை ரிசீவரில் பிடிக்கும் ஸ்க்ரூக்கள். பூட்டியிருக்கும் மவுண்ட் (ஸ்கோப்பை ரெயிலோடு இணைக்கும் தாங்கி) இவற்றை மறைத்துவிடுவதால் யாரும் பார்ப்பதில்லை. மவுண்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அடுத்து மவுண்ட்டை ரெயிலில் பிடிக்கும் நட்டு. கடைசியாக ஸ்கோப்பின் உடலைப் பிடிக்கும் ரிங் ஸ்க்ரூக்கள்.

எவ்வளவு இறுக்குவது? ரிங் ஸ்க்ரூக்களுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது 15 முதல் 18 இன்ச்-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். கையில் உள்ள ஸ்கோப்பின் குறிப்பேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. ரிங்கின் மேல்மூடியில் இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி, குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் ஸ்கோப் அதோடு சேர்ந்து சுழன்றுவிடும்.

இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்தும் பக்கத்து உலோகத்துக்கு ஒரு மெல்லிய நெயில் பாலிஷ் கோடு இழுத்துவிடுங்கள். ஸ்கோப்பின் குழாய்க்கும் ரிங்குக்கும் குறுக்காகவும் ஒன்று. தம்பி முறையில் பழகும் ஒருவர், "அண்ணே, பத்துக் குண்டுக்கு ஒரு தடவை ஜீரோ பண்ண வேண்டியிருக்கு, இந்த ஸ்கோப் தேறாது" என்று தன் .22 போல்ட் ரைஃபிளைக் கொண்டுவந்தார். ஸ்க்ரூக்கள் எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. சிவப்புக் கோடு போட்டு இருபது குண்டு சுடச் சொன்னேன். ஸ்க்ரூக் கோடுகள் அப்படியே இருந்தன. குழாய்க்குக் குறுக்கே போட்ட கோடு மட்டும் நடுவில் உடைந்து, முன்பாதி ஒரு நகக்கீறல் அகலம் தள்ளி நின்றது. ரிங்குக்குள் ஸ்கோப் வழுக்கிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் ரிங்கின் உள்பக்கம் முழுக்கத் தொழிற்சாலை எண்ணெய். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மறுபடி அளவாக இறுக்கினோம். அந்த ஸ்கோப் இன்றும் அதே துப்பாக்கியில்தான் இருக்கிறது.

மவுண்ட்டை ரெயிலில் வைக்கும்போது குழல் பக்கமாக முன்னால் தள்ளி, அதன் குறுக்குக் கட்டை ரெயில் பள்ளத்தின் முன்சுவரில் ஒட்டிய பிறகே இறுக்குங்கள். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். இடையில் அரை மில்லிமீட்டர் காலியிடம் இருந்தாலும் ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சம் நகரும். பள்ளமும் கட்டையும் பொருந்துகின்றனவா என்பதையும் கவனியுங்கள். பிக்காட்டினி ரெயிலின் பள்ளம் 5.23 மி.மீ., வீவர் ரெயிலின் பள்ளம் சுமார் 4.6 மி.மீ. வீவருக்குச் செய்த மவுண்ட் பிக்காட்டினியில் உட்காரும், ஆனால் ஆடும். பிக்காட்டினிக்குச் செய்தது பெரும்பாலும் வீவரில் இறங்கவே இறங்காது.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளாக இருந்தால் கதை வேறு. உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் போகிறது. பிஸ்டன் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் துள்ளுகிறது. இந்த இரட்டை உதையில் ஸ்கோப் பின்பக்கமாக நகரும், ஆகவே மவுண்ட் வழுக்காமல் நிறுத்தும் தடுப்பு முள்ளைப் பின் மவுண்ட்டில் இறக்க வேண்டும். பெரிய உதையைத் தாங்கும் ஸ்கோப்கூட இந்த முன்பக்க அடியில் உடைவதுண்டு. ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே சொல்லாத ஸ்கோப்பை அதில் பூட்டாதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஜீரோ ஓடினால் அப்போது ஸ்கோப்பைச் சந்தேகிக்கலாம். நன்றாகச் சுடும் வேறொரு ரைஃபிளில் அதைப் பூட்டுங்கள், உங்கள் ரைஃபிளில் நம்பகமான வேறொரு ஸ்கோப்பைப் பூட்டுங்கள். கோளாறு எதனுடன் போகிறதோ அதுதான் குற்றவாளி.

அறிகுறி: கிளிக் திருப்பினாலும் குண்டு நகரவில்லை, அடுத்த குண்டில் திடீரென்று நகர்கிறது

ஸ்கோப்புக்குள் ரெட்டிக்கிளை, அதாவது குறிக்கோடுகளை, தாங்கும் குழாயை ஒரு ஸ்பிரிங் எதிர்ப்பக்கமிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். அந்த ஸ்பிரிங் பலவீனமாக இருந்தாலோ, ரிங்கை அளவுக்கு மீறி இறுக்கி வெளிக்குழாய் நசுங்கியிருந்தாலோ, டரட் (கிளிக் கிளிக்கென்று திரும்பிக் குறியை நகர்த்தும் குமிழ்) திரும்பினாலும் உள்குழாய் பின்தொடராது. சுட்ட அதிர்ச்சியில்தான் அது இடத்துக்கு வரும். முதலில் ரிங்கைத் தளர்த்திச் சரியான அளவுக்கு இறுக்கிப் பாருங்கள்.

பிறகு பெட்டிச் சோதனை. ஒரே புள்ளியையே குறி வைத்து மூன்று குண்டு, மேலே 20 கிளிக் வைத்து மூன்று, வலதில் 20, கீழே 20, இடதில் 20. கடைசி மூன்று குண்டும் முதல் மூன்று விழுந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். நான்கு மூலையும் சதுரமாக வர வேண்டும். தோட்டாவை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் ரைஃபிளை அசையாமல் பையில் இருத்தி, அளவுகோல் ஒட்டிய தாளைப் பார்த்தபடி டரட்டைத் திருப்பினால் போதும். ஒரு மில் என்ற கோண அளவு 100 மீட்டரில் 10 செ.மீ. ஆகவே 25 மீட்டரில் வைத்த தாளில் 10 மில் திருப்பினால் ரெட்டிக்கிள் 25 செ.மீ. நகர வேண்டும். எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கணக்கென்றால் ஒன்றுக்கு 100 மீட்டரில் 29 மி.மீ., கால் எம்.ஓ.ஏ. கிளிக்குக்கு 7 மி.மீ. சொச்சம்.

நகரும் அளவு சற்றுக் குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால், ஒருமுறை ஜீரோ செய்து மூடி போட்டு வைப்பவருக்கு அது குறையே அல்ல. ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

அறிகுறி: டரட் முடிவுக்கு வந்துவிட்டது, குண்டு இன்னும் கீழேயே விழுகிறது

மொத்த நகர்வு 60 எம்.ஓ.ஏ. உள்ள ஸ்கோப்பில் நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 30. அது 100 மீட்டரில் 87 செ.மீ. அதுவும் போதவில்லை என்றால் ஏதோ ஒன்று கோணலாக இருக்கிறது. இரண்டு ரிங்கும் ஒரே உயரம்தானா, முன்பின் மாறிவிட்டதா, சாய்வு ரெயிலைத் திருப்பிப் போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். மடக்கி ஏற்றும் ஏர் ரைஃபிள்களில் குழலே முன்பக்கம் சற்றுத் தொங்கியிருப்பது சகஜம். அதற்கென்று சாய்வு மவுண்ட் கிடைக்கிறது.

சிறிய குறைக்குப் பழைய வழி ஒன்று உண்டு. பின் ரிங்கின் அடிப்பாதியில் மெல்லிய தகடோ பிலிம் துண்டோ வைப்பது. இரண்டு ரிங்குக்கும் நடுவே 100 மி.மீ. தூரம் இருந்தால், 0.1 மி.மீ. தகடு குண்டை 100 மீட்டரில் 10 செ.மீ. மேலே ஏற்றும். இரண்டு மூன்று தகட்டுக்கு மேல் அடுக்கினால் குழாய் வளையும். தொடங்கும் முன் டரட்டை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். குறைந்த பவரில் ஸ்கோப்பின் முன்வாயை ஒரு தட்டையான முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பார்த்தால், ரெட்டிக்கிளும் அதன் பிரதிபலிப்பும் தெரியும். இரண்டும் ஒன்றாகும்வரை திருப்பினால் அதுதான் நடு.

அறிகுறி: பவர் மாற்றினால் குறி நகர்கிறது

ரெட்டிக்கிள் இரண்டாவது குவியத் தளத்தில் உள்ள, அதாவது பவர் மாற்றினாலும் ரெட்டிக்கிளின் அளவு மாறாத, ஸ்கோப்களில் இது வரலாம். சோதிக்கக் குண்டே வேண்டாம். ரைஃபிளைப் பையில் இருத்தி ஒரு புள்ளியில் குறி வைத்து, துப்பாக்கி அசையாமல் பவர் ரிங்கை மட்டும் 1-இலிருந்து 6 வரை திருப்புங்கள். ரெட்டிக்கிளின் மையம் புள்ளியைவிட்டு நடந்து போகிறதா? இம்மியளவு போனால் பொறுக்கலாம். புள்ளியைத் தாண்டிப் போனால் அந்த ஸ்கோப் வேண்டாம். முதல் குவியத் தள அமைப்பில் ரெட்டிக்கிளும் காட்சியும் சேர்ந்தே பெருகுவதால் இந்தக் கோளாறு அமைப்பிலேயே இல்லை.

பவர் ரிங் மண்ணைக் கிளறுவதுபோல இறுக்கமாகத் திரும்பினால், பின்பக்க மவுண்ட் ரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். பல நேரம் அங்கேதான் குழாய் நசுங்கிப் பிடித்திருக்கும்.

அறிகுறி: காட்சியைச் சுற்றிக் கறுப்பு வளையம்

கண் சரியான இடத்தில் இல்லை. வளையம் எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால் தூரம் தவறு. ஒரு பக்கம் மட்டும் பிறை போல இருந்தால் உயரமோ பக்கவாட்டோ தவறு.

ஸ்கோப்பைப் பூட்டும்போது உச்சப் பவரில் வைத்தே இடம் பாருங்கள். அங்கேதான் கண்ணுக்குக் கிடைக்கும் இடம் குறுகலாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமாகச் சுடும் தோரணையில் தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறவுங்கள். முழு வட்டம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கழுத்தை நீட்டாதீர்கள், ஸ்கோப்பை நகர்த்துங்கள். கண்ணுக்கும் பின் கண்ணாடிக்கும் சுமார் 9 முதல் 10 செ.மீ. இடைவெளி இருப்பது வழக்கம். விலை குறைந்த ரைஃபிள்களின் ஸ்டாக் பெரும்பாலும் இரும்பு சைட்டுக்கு ஏற்றபடி தாழ்வாக இருக்கும். கன்னம் படும் இடத்தில் அடர்த்தியான ஸ்பாஞ்சு வைத்துக் கட்டினால் பாதி புகார் அன்றே போய்விடும்.

அறிகுறி: மங்கல்

எது மங்கல் என்று முதலில் பிரியுங்கள். ரெட்டிக்கிள் மங்கலா, இலக்கு மங்கலா?

ரெட்டிக்கிள் என்றால் பின்முனை டயாப்டர் வளையத்தை, அதாவது ரெட்டிக்கிளை உங்கள் கண்ணுக்குத் தெளிவாக்கும் வளையத்தை, திருப்ப வேண்டும். வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கிப் பிடித்து, இரண்டு விநாடி மட்டும் பார்த்து, கண்ணை எடுத்து, சற்றுத் திருப்பி, மறுபடி பாருங்கள். சூரியன் இருக்கும் பக்கமே போக வேண்டாம். நீண்ட நேரம் உற்றுப் பார்த்தால் கண் தானாகவே சரிசெய்துகொண்டு ஏமாற்றிவிடும். வாங்கிய நாள் முதல் இந்த வளையத்தைத் தொடாமலே, கண்ணாடி மட்டம் என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இலக்கு மங்கல், அதுவும் கிட்டத்தில் மட்டும் என்றால் அது இடமாறு தோற்றப் பிழை சார்ந்தது. இந்த வகை ஸ்கோப்களில் குவியத்தைப் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்குப் பூட்டிவைத்திருப்பார்கள். கிட்ட உள்ள இலக்கில், கண் ஓரத்துக்கு நகர்ந்தால் குறியும் நகரும். முன்கண்ணாடி 24 மி.மீ. என்றால் 25 மீட்டரில் அதிகபட்சப் பிழை 9 மி.மீ.க்குள், 10 மீட்டரில் 11 மி.மீ.க்குள் அடங்கும். பலகை இலக்குக்கு இது பெரிதல்ல. 10 மீட்டரில் பொட்டு அளவு புள்ளியைச் சுடும் ஏர் ரைஃபிள்காரருக்குப் பெரிது. அவருக்கு 10 மீட்டர் வரை குவியம் மாற்றக்கூடிய ஸ்கோப்தான் சரி.

அறிகுறி: 1-இல் இரண்டு கண்ணும் திறந்தால் தலை சுற்றுகிறது

கதவின் நிலைக்கட்டையை இரண்டு கண்ணாலும் பாருங்கள். ஸ்கோப்புக்கு உள்ளே தெரியும் விளிம்பும் வெளியே தெரியும் விளிம்பும் ஒரே கோடாக ஓட வேண்டும். உடைந்தால் முதலில் டயாப்டரைத் தொட்டுப் பாருங்கள். அப்படியும் உடைந்தால் அந்த ஸ்கோப்பின் 1 உண்மையில் 1.1, 1.2 ஆக இருக்கும். கைக்கெட்டும் தூரப் பொருள் எதிலும் சற்றுப் பெரிதாகத்தான் தெரியும், ஆகவே பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளியிருப்பதைப் பாருங்கள்.

அறிகுறி: மாலையானால் இருட்டுகிறது, வெயிலில் விளக்கு தெரியவில்லை

முன்கண்ணாடியின் விட்டத்தைப் பவரால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 24-ஐ 6-ஆல் வகுத்தால் 4 மி.மீ., 10-ஆல் வகுத்தால் 2.4. அந்தி வெளிச்சத்தில் நம் கண்மணி 5 மி.மீ.க்கு மேல் விரியும். அதனால் 6-இல் இருட்டாகத் தெரிவது கோளாறல்ல, கணக்கு. 4-க்கு இறக்கினால் 6 மி.மீ. கிடைக்கும், உடனே வெளுக்கும்.

நடுப்பகல் வெயிலில் சிவப்புப் புள்ளி எரியும் வெளிச்சம் மலிவான ஸ்கோப்பில் அரிது. அதை எதிர்பார்க்காமல், விளக்கு இல்லாமலே பளிச்சென்று தெரியும் தடித்த கறுப்பு ரெட்டிக்கிளைத் தேடுங்கள். மாலையில் விளக்கு கசிந்து காட்சியெங்கும் செம்மை படர்ந்தால் அளவைக் குறையுங்கள்.

அறிகுறி: தூரத்துக்கு ஏற்றிப் பிடித்தால் கணக்குத் தவறுகிறது

இரண்டாவது குவியத் தள ரெட்டிக்கிளின் கோடுகள் பெரும்பாலும் உச்சப் பவரில் மட்டுமே சொன்ன அளவைக் காட்டும். 6-இல் 2 மில் காட்டும் கோடு 3-இல் 4 மில். ஸ்கோப் சாய்ந்திருந்தாலும் தவறும். ரெட்டிக்கிள் 3 பாகை சாய்ந்திருக்க, டரட்டில் 20 செ.மீ. மேலே ஏற்றினால் பக்கவாட்டில் 1 செ.மீ. போய்விடும். தூக்குக்குண்டு நூலோடு ரெட்டிக்கிளின் நேர்கோட்டை ஒட்டிப் பார்த்து நிமிர்த்துங்கள்.

அறிகுறி: உள்ளே பனி

துடைத்தால் போவது மூச்சின் ஈரம். துடைத்தும் போகாதது உள்ளே நிரப்பிய வாயு கசிந்ததன் விளைவு. வீட்டில் திறக்க வேண்டாம், உத்தரவாதத்தில் அனுப்புங்கள்.

இனி வாங்குவது

மேலே சொன்னவற்றில் பணத்தால் மட்டுமே தீர்வன எவை என்று பாருங்கள்: பவர் மாற்றும்போது நடக்கும் குறி, திரும்பி வராத டரட், பொய்யான 1, உள்பனி. ஒரே விலையில் 1–4, 1–6, 1–10 என்று மூன்று கிடைத்தால் நான் யோசிக்காமல் 1–4-ஐ எடுப்பேன். மடங்கு கூடக் கூட உள்ளே லென்ஸ் வேலை கடினமாகிறது. அந்தச் செலவை விலையில் காட்டாதவர்கள் வேறெங்கோ மிச்சம் பிடித்திருப்பார்கள். 100 மீட்டருக்குள் சுடும் .22-க்கு 4 மடங்கு தாராளம். 200 மீட்டர்வரை சுடுபவருக்கு 6. மலிவு விலையில் முதல் குவியத் தளமும் வேண்டாம் என்பேன். குறைந்த பவரில் அதன் கோடுகள் மயிரிழையாகிவிடும், அதை ஈடுகட்டும் அளவுக்கு விளக்கும் இருக்காது.

ஸ்கோப்புக்கென்று ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை மவுண்ட்டுக்கு என்று முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். குழாய் 30 மி.மீ.யா 25.4 மி.மீ.யா என்று பார்த்து அதற்கேற்ற ரிங்தான் வாங்க வேண்டும். ரெயில் பிக்காட்டினியா, 11 மி.மீ. டவ்டெயிலா (ஓரங்கள் உள்நோக்கிச் சரிந்த குறுகிய ரெயில்) என்பதையும் அளந்துவிடுங்கள். எடையும் கணக்கில் இருக்கட்டும். மவுண்ட்டோடு சேர்த்து அரைக் கிலோவைத் தாண்டுவது சாதாரணம், இலேசான ரைஃபிளின் பிடியே மாறிவிடும்.

பெட்டி வந்த அன்றே, ரைஃபிளில் பூட்டும் முன், ஜன்னலோரம் உட்கார்ந்து நிலைக்கட்டைச் சோதனை, முகம் பார்க்கும் கண்ணாடிச் சோதனை, பவர் ரிங் சோதனை மூன்றையும் செய்யுங்கள். பவர் ரிங் சோதனைக்கு ஸ்கோப்பை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே அசையாமல் இருத்தினால் போதும். ரிங் தழும்பு விழாத ஸ்கோப்பைத் திருப்பி அனுப்புவது எளிது.